வீட்டு மின்மானியின் வரலாறு: அளவுகோல் யார் கையில்?

2018ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ஜூரோங் வட்டாரத்து மக்களுக்கு ஒரு புதிய உரிமை கிடைத்தது. தம் வீட்டுக்கு வேண்டிய மின்சாரத்தை எந்த விற்பனையாளரிடம் வாங்குவது என்பதை வீட்டுக்காரரே முடிவு செய்துகொள்ளலாம் என்பதே அது. சிங்கப்பூர் முழுவதற்கும் பொது மின்சாரச் சந்தையைத் திறப்பதற்கு முன்னர், எரிசக்திச் சந்தை ஆணையம் ஜூரோங்கையே சோதனைக் களமாகக் கொண்டது. அஞ்சல் எண் 60 முதல் 64 வரை தொடங்கும் முகவரிகளில் இருந்த ஏறத்தாழ 108,000 குடும்பங்களும் 9,500 வணிகக் கணக்குகளும் இதில் அடங்கின. அந்த ஆண்டு நவம்பர் தொடங்கி 2019 மே மாதத்துக்குள் தீவின் ஏனைய பகுதிகளுக்கும் இவ்வுரிமை பரவிற்று.

அந்நாள்களில் மின்தூக்கியருகிலும் காப்பிக் கடையிலும் இதே பேச்சுத்தான். விற்பனையாளர் முன்வைத்த திட்டங்களுள் இரண்டு எளியவை. ஒன்று, யூனிட்டுக்கு இவ்வளவு காசு என்று ஒப்பந்தக் காலம் முழுவதும் மாறாத விலை. மற்றொன்று, அரசு ஒழுங்குமுறைக் கட்டணத்தில் நூற்றுக்கு இவ்வளவு கழிவு. அப்போது ஒழுங்குமுறைக் கட்டணம் யூனிட்டுக்குச் சுமார் 22 காசு. இவ்விரண்டில் ஒன்றைத் தேர்வதற்குத் தொடக்கப்பள்ளிக் கணக்கு போதும். மூன்றாவதாக ஒரு வகை இருந்தது. இரவில் மலிவு, பகலில் ஏற்றம் என நேரத்துக்குத் தக விலை மாறும் திட்டம் அது. அங்கேதான் எல்லாரும் தடுமாறினர். "உங்கள் வீட்டில் இரவில் எத்தனை யூனிட் செலவாகிறது?" என்று கேட்டால் விடை சொல்ல ஒருவராலும் இயலவில்லை. படித்தவர், பாமரர் என்ற வேறுபாடு இதில் இல்லை. நாற்பது ஆண்டு கணக்கியல் பார்த்தவர் ஒருவர், தம் வீட்டுப் பட்டியலின் மொத்தத் தொகைக்குமேல் ஒன்றும் அறியாதவராய் நின்றதை நான் கண்டேன்.

நாள்தோறும் வாங்குகிறோம், மாதந்தோறும் விலை கொடுக்கிறோம், ஆனால் எப்போது, எதற்கு, எவ்வளவு வாங்கினோம் என்பது தெரியாது. இந்த அறியாமை எவ்வாறு நேர்ந்தது? வீட்டுக்குள்ளேயே முழு வீட்டின் மின்செலவையும் அளந்து காட்டும் கருவிகள் இன்று கடைகளில் கிடைக்கின்றன. அவற்றுள் எதைத் தேர்வது என்று ஆராயப் புகுமுன் இக்கேள்வியின் வரலாற்றைப் பார்த்துவிடுதல் நலம். வரலாறு தெரிந்தால் தேர்வு பாதி முடிந்தாற்போலத்தான்.

நம் பழைய சந்தைகளில் அளவை என்பது இருவர் கண்ணெதிரே நடப்பது. விற்பவர் மரக்காலில் நெல்லை முகந்தால், வாங்குபவர் அது தலை தட்டி அளக்கப்படுகிறதா, கும்பமாக அளக்கப்படுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டுகளில் 'ஆடவல்லான்' என்னும் பெயருடைய மரக்கால் பேசப்படுகிறது. அது 'இராசகேசரி' மரக்காலோடு ஒத்தது என்ற குறிப்பும் உடன் காணப்படுகிறது. பொன்னை நிறுத்த கல்லுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். இதிலுள்ள நுட்பம் கருதத்தக்கது. கோவில் தனக்கென ஓர் அளவுகோல் வைத்திருந்தது. அதனைப் பொது அளவுகோலோடு ஒப்பிட்டும் வைத்திருந்தது. வாங்குபவரிடம் ஓர் அளவு, கொடுப்பவரிடம் ஓர் அளவு, இரண்டும் ஒத்தன என்பதற்குக் கல்லில் சான்று. மின்சாரத்தில் இந்த ஏற்பாடு இல்லாமற் போயிற்று என்பதே நாம் சொல்லப்போகும் கதை.

(அளவைப் பெயர்கள் தொடங்கும் எழுத்துகள் க, ச, த, ப, ந, ம, வ, அ, உ என ஒன்பது என்பது தொல்காப்பியர் கண்ட முடிபு. 'வாட்டு' இக்கணக்கில் பிழைத்துக்கொள்கிறது, 'மின்மானி'யும் அப்படியே. ஆம்பியரும் யூனிட்டும் வெளியே நிற்கின்றன. வகுப்பில் மாணவரிடம் இதைச் சொன்னால் புணரியல் சற்று இனிக்கும்.)

மின்சாரத்தை அளந்து விற்க முதலில் முனைந்தவர்களுள் முதன்மையானவர் எடிசன். 1882இல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின்நிலையம் திறந்த அவருக்கு, எரிந்த விளக்குக்கு எவ்வாறு விலை போடுவது என்பது பெருஞ் சிக்கலாயிற்று. அவர் கண்ட வழி வேதியியலைச் சார்ந்தது. துத்தநாக சல்பேட்டுக் கரைசலுள் இரண்டு துத்தநாகத் தகடுகளை அமிழ்த்தி, வீட்டுக்குச் செல்லும் மின்னோட்டத்தில் மிகச் சிறிய பங்கை அவற்றின் வழியே செலுத்தினார். மின்னோட்டம் செல்லச் செல்ல ஒரு தகட்டிலிருந்து துத்தநாகம் கரைந்து மற்றதிற் படியும். மாதமொருமுறை ஆள் வந்து தகடுகளை எடுத்துச் சென்று தராசில் நிறுப்பார். எடை மாறிய அளவே செலவு. குளிர்காலத்தில் கரைசல் உறைந்துவிடாதபடி மானிக்குள்ளேயே ஒரு சிறு விளக்கையும் வைத்திருந்தனர். குளிர் மிகுந்தால் அது தானே எரிந்து சூடேற்றும்.

கருவி சரியானதே. ஆயினும் நிறுப்பது விற்பவரின் கூடத்தில். வாங்குபவர் கண்ணில் படுவது சீட்டு ஒன்றுதான். ஐயம் எழாமலிருக்குமா? எடிசனுக்குப் பொருளுதவி செய்த வங்கியதிபர் மார்கனுக்கே ஐயம் எழுந்ததாக எடிசன் வாழ்க்கை வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. மார்கன் தம் அலுவலகத்தில் ஒவ்வொரு விளக்கின் அருகிலும் ஓர் அட்டையைத் தொங்கவிட்டு, ஏற்றிய நேரத்தையும் அணைத்த நேரத்தையும் எழுதி வரச் செய்தார். மாத முடிவில் அட்டைக் கணக்கும் மானிக் கணக்கும் ஒத்துவரவில்லை. மானி மிகுதியாகக் காட்டியது. எடிசன் நேரில் வந்து விசாரித்தார். அலுவலர் எல்லாரும் சென்றபின் இரவில் கூட்டிப் பெருக்க வரும் பணியாள் விளக்கேற்றி வேலை செய்வதும், அவர் அட்டையில் ஒன்றும் எழுதாததும் தெரியவந்தன. அந்த நேரத்தையும் சேர்த்தபோது மானி சொன்னதே மெய்யாயிற்று.

முழுக் கட்டடத்தின் மின்செலவை வாங்குபவர் தாமே கணக்கெடுத்த முயற்சிகளுள் நான் அறிந்தவரை இதுவே பழமையானது. இதிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. மானி பெரும்பாலும் பொய் சொல்வதில்லை என்பது ஒன்று. நாம் உறங்கும்போது யார் விளக்கெரிக்கிறார் என்பது மானிக்குத் தெரிந்திருந்தும் நமக்குத் தெரிவதில்லை என்பது மற்றொன்று. இரவுப் பணியாளின் இடத்தை இன்று வேறு பொருள்கள் பிடித்துக்கொண்டன; அவற்றைப் பின்னர்க் காண்போம்.

மாறுதிசை மின்னோட்டம் பரவியபோது தகடும் கரைசலும் பயனற்றுப் போயின. 1885இல் இத்தாலியர் பெர்ராரிஸ், காலத்தால் முன்பின்னாக வரும் இரண்டு மின்னோட்டங்களால் சுழலும் காந்தப்புலம் உண்டாகும் என்று காட்டினார். 1888இல் வெஸ்டிங்ஹவுஸ் கூடத்திற் பணியாற்றிய ஷாலன்பெர்கர், சோதனை விளக்கு ஒன்றினுள் தவறி விழுந்த சிறு சுருள்வில் தானே திரும்பியதைக் கண்டு சுழலும் மானி ஒன்றை அமைத்தார். மறு ஆண்டு ஹங்கேரியில் கான்ஸ் தொழிற்சாலையின் பொறியாளர் ஓட்டோ பிளாத்தி, ஆற்றலையே நேராக அளக்கும் மானியை உருவாக்கினார். அதன் முதற் படிவங்கள் 23 கிலோ எடையுள்ளவை. மெலிந்து மெலிந்து அதுவே நம் வீட்டுச் சுவர்களுக்கு வந்தது. கண்ணாடிக்குப் பின்னே விளிம்பிற் கறுப்புக் கோடிட்ட அலுமினியத் தட்டு மெல்லச் சுழன்றுகொண்டிருக்கும் அந்த மானியைப் பார்க்காத தமிழர் அரியர்.

அத்தட்டு வாங்குபவரோடு பேசும் தட்டு என்பதைப் பலர் அறியாமலே இருந்துவிட்டனர். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சுற்று என்பது மானியின் முகத்திலேயே எழுதப்பட்டிருக்கும். 375 என்று எழுதியிருக்கிறது எனக் கொள்வோம். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பத்துச் சுற்றை எண்ணுங்கள். 96 விநாடி ஆயின் வீட்டில் அப்போது 1 கிலோவாட்டு ஓடுகிறது. சலவைப் பெட்டியை அணைத்துவிட்டு மீண்டும் எண்ணினால் சலவைப் பெட்டியின் பங்கு தெரிந்துவிடும். பின்னர் வந்த மின்னணு மானியில் தட்டுக்கு மாற்றாகச் சிவப்பு விளக்கொன்று கண்சிமிட்டும். யூனிட்டுக்கு 1,000 சிமிட்டு என்றிருந்தால், இரண்டு சிமிட்டுக்கு இடையே 3.6 விநாடி வந்தால் அதுவே 1 கிலோவாட்டு. காசில்லாத சோதனை இது. இயற்பியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் சேர்ந்து ஒரு பிற்பகல் செய்து பார்க்கலாம்.

இனிச் சிங்கப்பூருக்கு வருவோம். இங்கே தெருவிளக்குக்கு முதலில் வந்தது எரிவாயு, ஆண்டு 1864. மின்விளக்கு 1906 மார்ச் 6ஆம் நாள் ராபிள்ஸ் பிளேஸ், நார்த் பிரிட்ஜ் சாலை, போட் கீ ஆகிய இடங்களில் எரிந்தது. அதற்கான மின்சாரம் டிராம் வண்டிக் கம்பெனிக்குரிய மெக்கென்சி சாலை மின்நிலையத்திலிருந்து நகராட்சியால் வாங்கப்பட்டது. மெக்கென்சி சாலை இன்றைய லிட்டில் இந்தியாவை ஒட்டியது என்பதை நம் வாசகர் அறிவர். சிங்கப்பூரின் மின்னொளி நம்மவர் குடியிருப்பின் பக்கத்திலிருந்தே புறப்பட்டது. நகராட்சியின் சாலைப் பணி, குழாய்ப் பணி, கம்பிப் பணிகளில் தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினராய் இருந்தமை யாவரும் அறிந்ததே. தேவை பெருகியதால் நகராட்சி தனக்கெனச் செயின்ட் ஜேம்ஸ் மின்நிலையத்தைக் கட்டி 1927இல் இயக்கியது. அதன்பின் பாசிர் பாஞ்சாங். 1963 மே முதல் நாள் பொதுப் பயனீட்டுக் கழகம் அமைந்து நீர், மின்சாரம், எரிவாயு மூன்றையும் ஏற்றது. 1995இல் மின்சாரமும் எரிவாயுவும் தனிக் கம்பெனியாகப் பிரிந்தன. அதுவே இன்றைய எஸ்பி குழுமம்.

ஜூரோங்கின் கதை இதனோடு இணைந்தது. 1961இல் சதுப்பும் மேடுமாகக் கிடந்த நிலத்தில் தொழிற்பேட்டை அமைக்கத் தொடங்கியபோது, இது கோ கெங் சுவீயின் மடமை என்று நகைத்தவரும் உண்டு. இரும்பு ஆலை வந்தது; கப்பல் பட்டறைகள் வந்தன; தொழிலாளர் வாழ அடுக்குமாடிகள் எழுந்தன; 1968இல் ஜூரோங் நகரக் கழகம் அமைந்தது. ஆலைக்கும் அடுக்குமாடிக்கும் இடையே ஒரு சாலைதான் இடைவெளி. ஆனால் மின்கணக்கில் இரண்டுக்கும் உள்ள தொலைவு பெரிது. உயர் அழுத்த மின்சாரம் வாங்கும் ஆலைக்கு, மொத்த யூனிட்டோடு உச்சத் தேவைக்கும் கட்டணம் உண்டு. பகலுக்கு ஒரு விலை, இரவுக்கு ஒரு விலை என்பதும் உண்டு. ஆகவே அரைமணிக்கு அரைமணி எவ்வளவு ஓடியது என்பதை ஆலை மேலாளர் அறிந்திருந்தார்; பெரிய உலையை எப்போது மூட்டுவது என்பதை அந்தக் கணக்கைப் பார்த்து முடிவு செய்தார். விற்பனையாளரைத் தேரும் உரிமையும் பெரிய நுகர்வோருக்கு 2001இலேயே தொடங்கிவிட்டது. வேலை முடிந்து சாலையைக் கடந்து வீட்டுக்கு வந்த அதே தொழிலாளிக்குத் தம் வீட்டு மின்சாரம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை படிக்கப்படும் ஓர் எண் மட்டுமே.

மானி இருந்த இடமும் ஒரு காரணம். வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடியில் மானி வீட்டுக்குள் இல்லை. வெளியே நடைபாதையில் பூட்டிய அலமாரிக்குள் அண்டை வீட்டு மானிகளோடு வரிசையாக நிற்கிறது. படிக்க வருபவருக்கு அது வசதி. வீட்டுக்காரர் அதனைப் பார்ப்பதோ ஆண்டுக்கொரு முறையும் அரிது. பழைய வகை மானியுள்ள வீடுகளில் ஒரு மாதம் படிப்பு, அடுத்த மாதம் மதிப்பீடு என்பது முறை. மதிப்பீட்டு மாதத்தில் ஊருக்குப் போய்த் தங்கிவிட்டு வந்தவர், வீடு பூட்டிக்கிடந்தும் பட்டியல் குறையவில்லையே என்று வருந்துவார்; மறு மாதம் அது நேர்செய்யப்படும். தவறு ஒன்றுமில்லை. ஆனால் காரணமும் விளைவும் அறுபது நாள் பிரிந்துவிட்டால் மனித மனம் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

தமிழ்நாட்டிலும் இரண்டு மாத வழக்கமே வேரூன்றியது. மின்வாரிய ஊழியர் வந்து அட்டையில் எண்ணை எழுதிச் செல்வதும், படிநிலைக் கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டோமா என்று வீட்டார் மனம் பதைப்பதும் பலரும் அறிந்த காட்சி. அங்கே வீட்டுக்குள் ஒரு மானி வைப்பதற்கு நம்மைவிட வலிய காரணம் உண்டு. இங்கே யூனிட் கூடினாலும் விலை மாறுவதில்லை. அங்கே எல்லையைத் தாண்டினால் கணக்கே மாறிவிடும். மறுபுறம், உழவர் பம்புசெட்டுகளுக்கு 1990 முதல் மின்சாரம் இலவசம். பெரும்பாலும் அவை அளக்கப்படாமலே ஓடின. அளக்கப்படாத ஒன்றின் வரலாற்றை எழுதுவது கடினம் என்பதை அங்குள்ள பொருளியலார் நன்கு உணர்ந்திருப்பர்.

வீட்டுச் செலவை வீட்டாருக்கே காட்டினால் என்ன நிகழும் என்று முறையாக ஆராய்ந்தது 1970களில்தான். எண்ணெய் நெருக்கடியின் காலம் அது. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து ட்வின் ரிவர்ஸ் என்னும் குடியிருப்பில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தனர். ஒரே வரைபடம், ஒரே சுவர், ஒரே சாதனங்கள் உள்ள வீடுகள். ஆயினும் ஒரு வீட்டின் செலவு மற்றொன்றைப்போல் இரு மடங்காக இருக்கக் கண்டனர். வேறுபாடு கட்டடத்தில் இல்லை, வாழ்பவரிடம் இருந்தது. ஒரே அச்சில் வார்த்த நம் அடுக்குமாடி வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஆராய்ச்சி வேறில்லை. 1977இல் செலிக்மன், டார்லி ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வில், செலவின் நிலையை அடிக்கடி அறிவிக்கப்பெற்ற வீடுகள் 10.5 விழுக்காடு குறைவாகச் செலவழித்தன. 2006இல் ஆக்ஸ்போர்டின் சாரா டார்பி பல ஆய்வுகளைத் தொகுத்து, உடனுக்குடன் காட்டுதல் 5 முதல் 15 விழுக்காடு வரை சேமிப்புத் தரும் என்றார். பின்னர் பிரிட்டனில் பெரிய அளவில் நடத்திய சோதனையின் 2011 அறிக்கையில் கிடைத்ததோ ஏறத்தாழ 3 விழுக்காடுதான். விருப்பமுள்ளவர் சிலரிடம் செய்யும் சோதனைக்கும் எல்லார் வீட்டிலும் செய்வதற்கும் உள்ள வேறுபாடு அது. கருவி விற்போர் முதல் எண்ணைச் சொல்வர். நாம் இரண்டாம் எண்ணையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

1980களில் ஒரு பெருந் திருப்பம் நேர்ந்தது. மாசசூசட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஹார்ட் என்பவர், ஒவ்வொரு சாதனத்திலும் மானி பொருத்தாமல், வீட்டின் தலைவாசற் கம்பியில் மட்டும் அளந்தே உள்ளே எது எப்போது ஓடுகிறது என்று கண்டுகொள்ளலாம் எனக் காட்டினார். குளிர்பதனப் பெட்டி தொடங்கும்போது மின்கணக்கு ஒரு குறிப்பிட்ட படி ஏறும். நின்றால் அதே படி இறங்கும். வெந்நீர்க் கலனுக்கு வேறொரு படி. காலடியோசையைக் கேட்டே வருபவர் யாரென்று வீட்டுக் கிழவி சொல்லிவிடுவதைப்போல என்று வைத்துக்கொள்ளலாம். இதைக் கண்டவரே இதன் தீமையையும் கண்டார் என்பதுதான் போற்றத்தக்கது. மின்கம்பி வழியே ஒரு குடும்பத்தின் வாழ்வை வெளியிலிருந்து கண்காணிக்கவும் இது வழிவகுக்கும் என 1989இலேயே அவர் கட்டுரை எழுதினார். எப்போது எழுகிறார்கள், எப்போது வீட்டில் ஆளில்லை, நள்ளிரவில் யார் விழித்திருக்கிறார் என்பனவெல்லாம் அந்த வரைகோட்டில் உள்ளன.

அச்சம் வீண்போகவில்லை. 2009இல் நெதர்லாந்து மேலவை, திறன்மிகு மானியைக் கட்டாயமாக்கும் சட்டத்தை இக்காரணம் பற்றி ஏற்க மறுத்தது. ஜூரோங்கில் சந்தை திறந்த அதே 2018இல், அமெரிக்காவின் நேப்பர்வில் நகர வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கிற்று. பதினைந்து நிமிடத்துக்கொரு முறை மின்கணக்கைத் திரட்டுவது வீட்டைச் சோதனையிடுவதற்கு ஒப்பாகும், ஆயினும் நகர நிருவாகம் அதனைச் செய்வது நியாயமானதே என்பது தீர்ப்பு. இரண்டு பாதிகளையும் சேர்த்தே படிக்க வேண்டிய தீர்ப்பு அது.

நம் ஜூரோங்கிலும் இதன் இரு முகங்களையும் காணலாம். ஜூரோங் ஈஸ்ட்டின் யூஹுவா குடியிருப்பில் 2012இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பசுமைத் திட்டத்தைத் தொடங்கியது. கூரைகளில் சூரியத் தகடுகள் அமைந்தன. 2015இல் அங்கேயே திறன்மிகு வீட்டுச் சோதனை நடந்தது. மின்சாரமும் நீரும் எவ்வளவு செலவாகின்றன என்று வீட்டாருக்குக் காட்டும் ஏற்பாடு ஒன்று; தனித்து வாழும் முதியவர் வீட்டில் நடமாட்டம் இல்லையெனில் உறவினருக்கு அறிவிக்கும் ஏற்பாடு மற்றொன்று. செலவைக் காட்டுவதும் ஆளைக் கவனிப்பதும் ஒரே சோதனையில் அருகருகே வந்தமை தற்செயல் அன்று. தனித்திருக்கும் பாட்டிக்கு அது துணை; அவர் ஒப்புதலின்றிச் செய்தால் அதுவே கண்காணிப்பு.

கருவிகளைப் பற்றி இனிச் சொல்லலாம். முழு வீட்டையும் அளக்கும் கருவிகளிற் பெரும்பாலானவை கவ்வி வகையைச் சேர்ந்தவை. வீட்டினுள் இருக்கும் சுவிட்சுப் பெட்டியில் முதன்மைக் கம்பியை ஒரு வளையம் கவ்விக்கொள்ளும். கம்பியை வெட்ட வேண்டியதில்லை. மின்னோட்டத்தின் காந்தப்புலத்தால் வளையத்துள் சிறு மின்னோட்டம் எழ, அதை எண்ணாக்கிக் கைப்பேசிக்கு அனுப்பும். வளையம் லைவ் கம்பியை மட்டுமே கவ்வ வேண்டும். நியூட்ரல் கம்பியையும் சேர்த்துக் கவ்வினால் போவதும் வருவதும் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ள, வீடே இருண்டதுபோல் சுழி காட்டும். பெட்டியைத் திறப்பது உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை. முதன்மை சுவிட்சை அணைத்தாலும் அதற்கு மேலுள்ள கம்பியில் மின்சாரம் நிற்பதில்லை. இதில் சிக்கனம் பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

மலிவான கவ்விகள் சில மின்னோட்டத்தை மட்டும் அளந்து, மின்னழுத்தம் 230 வோல்ட்டு என்று தாமே வைத்துக்கொண்டு பெருக்கிச் சொல்லும். நீர் சூடாக்குவதற்கு அது சரியாக வரும். மோட்டாருள்ள குளிர்பதனப் பெட்டிக்கும் விசிறிக்கும் மிகையாகக் காட்டும். அத்தகைய கருவியின் எண்ணை வைத்துக்கொண்டு மின்பட்டியலோடு சண்டையிடப் போகிறவர் தோற்பது உறுதி. மின்னழுத்தத்தையும் உடன் அளப்பதையே வாங்க வேண்டும். அமெரிக்க வீடுகளுக்கென்று செய்த கருவிகளும் பல உள்ளன. அங்கே 120 வோல்ட்டு இரு கம்பியாக வரும் முறை, ஆகவே இரண்டு கவ்வி. நம் அடுக்குமாடியில் ஒரே கட்டம். முதன்மை சுவிட்சு பழைய வீடுகளில் 30 ஆம்பியர், பிந்தியவற்றில் 40 ஆம்பியர். 200 ஆம்பியருக்கு அமைந்த பெரிய கவ்வியை இங்கே மாட்டினால், யானைத் தராசில் ஏலக்காய் நிறுத்த கதைதான். மூன்று கட்டம் வரும் தரை வீட்டார் மூன்று கவ்வி கேட்டு வாங்க வேண்டும்.

ஹார்ட்டின் முறைப்படி ஒரே கவ்வியால் எல்லாச் சாதனங்களையும் பெயர் சொல்லி அடையாளம் காண்போம் என்பாரை நான் முழுதும் நம்புவதில்லை. படிப்படியாக ஏறி இறங்காமல் வழுக்கிச் செல்லும் இன்வெர்ட்டர் ஏர்கான் அம்முறைக்குப் பெருஞ் சோதனை. நம் வீடுகளில் செலவின் முதலிடமோ ஏர்கானுக்கே. ஏர்கானுக்கும் வெந்நீர்க் கலனுக்கும் சுவிட்சுப் பெட்டியில் தனித்தனிச் சுற்று இருப்பதால், முதன்மைக்கு ஒன்று, இவ்விரண்டுக்கும் ஒவ்வொன்று என மூன்று சிறு கவ்விகள் வைத்தால் ஊகத்துக்கு இடமில்லை.

வேறொன்றையும் கேட்டு வாங்க வேண்டும். கணக்கு எங்கே சேமிக்கப்படுகிறது? கூகுள் நிறுவனம் 2009இல் பவர்மீட்டர் என்ற பெயரில் வீட்டு மின்கணக்கைக் காட்டும் சேவையைத் தொடங்கி 2011 செப்டம்பரில் மூடிவிட்டது. மைக்ரோசாப்டின் ஹோம் என்ற சேவை 2012இல் நின்றது. உலகத்தின் பெருஞ் செல்வர்கள் நடத்தியவையே மூன்று ஆண்டு நில்லாதபோது, சிறு கம்பெனியின் தொலைதூரக் கணினியில் மட்டும் நம் வீட்டுக் கணக்கை வைப்பது ஆற்றில் கோலமிடுவதை ஒக்கும். வீட்டிலேயே கோப்பாக எழுதித் தரும் கருவியே என் தேர்வு. ஹார்ட் அஞ்சிய கண்காணிப்புக்கும் அதுவே பாதி மருந்து.

என் வீட்டில் இத்தகைய கருவியை மாட்டிய முதல் இரவில் நான் பார்த்தது விடியற்காலை மூன்று மணியின் எண்ணை. எல்லாரும் உறங்குகிறார்கள், விளக்கில்லை, ஆயினும் 190 வாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இடைவிடாது ஓடும் 100 வாட்டு மாதத்துக்கு 72 யூனிட் என்பதை எண்ணிப் பாருங்கள். குளிர்பதனப் பெட்டிக்கு உரியதைக் கழித்தபின், வெந்நீர்க் கலனின் சுவிட்சை நாங்கள் அணைப்பதே இல்லை என்பது வெளிப்பட்டது. குளிப்பாரில்லாமலே அது நாளொன்றுக்கு ஒன்றரை யூனிட் உண்டுவந்தது. மார்கன் அலுவலகத்து இரவுப் பணியாள் எங்கள் குளியலறைக் கூரையில் பன்னிரண்டு ஆண்டுகள் குடியிருந்திருக்கிறார்! அதைக் கண்டபின் கருவியை நான் நாள்தோறும் பார்ப்பதில்லை. பிரிட்டன் அறிக்கையின் 3 விழுக்காட்டுக்குக் காரணமும் இதுவாகவே இருக்கலாம்.

2021இன் பிற்பகுதியில் மொத்த மின்விலை தாறுமாறாக ஏறியபோது, சுயேச்சை விற்பனையாளருட் பெரியதாகிய ஐசுவிட்ச் சிங்கப்பூர்ச் சில்லறைச் சந்தையை விட்டு விலகியது. வேறு சிலரும் விலகினர். வாடிக்கையாளர் எஸ்பி குழுமத்திடம் மாற்றப்பட்டதால் மின்சாரம் ஒரு நொடியும் தடைப்படவில்லை. ஒழுங்குமுறைக் கட்டணமோ 2022 நடுவில் 30 காசைத் தாண்டிற்று. ஜூரோங்கார் மூன்றாண்டுக்கு முன் செய்த தேர்வை மறுபடியும் செய்ய வேண்டியதாயிற்று. இம்முறை சிலரிடமாவது கணக்கு இருந்தது. இதற்கிடையே எஸ்பி குழுமத்தின் புதிய மானிகளும் பரவி வருகின்றன. 2026க்குள் எல்லா வீட்டுக்கும் என்பது அறிவித்த இலக்கு. அரைமணிக்கு அரைமணி செலவை அவை அனுப்ப, வீட்டார் கைப்பேசியிலேயே பார்க்கலாம். சாலைக்கு அப்பாலிருந்த ஆலை மேலாளரின் கணக்கு வீட்டுக்கு வர அரை நூற்றாண்டு ஆயிற்று.

ஆகவே, புதிய மானி வந்துவிட்ட மூவறை நாலறை வீட்டாரிடம் நான் சொல்வது, முதலில் அந்த இலவசக் கணக்கை ஒரு மாதம் பாருங்கள் என்பதே. விடியற்காலை எண் அதிலும் தெரியும். இரவு மலிவுத் திட்டம் தமக்கு ஆகுமா ஆகாதா என்பதற்கும் அதுவே விடை தரும். சூரியத் தகடு வைத்தவர், வாடகைக்கு அறை விட்டவர், மின்கார் வாங்கிய தரை வீட்டார், பழைய மானியோடு இருப்பவர் ஆகியோருக்குத் தனிக் கருவி தக்கது. அதை மாட்டியவுடன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மின்பட்டியல் தொடங்கும் நாளில் நடைபாதை மானியின் எண்ணைக் குறித்துக்கொண்டு, மாதம் முடிந்ததும் மீண்டும் குறித்து, இடைப்பட்ட யூனிட்டையும் கவ்வி காட்டிய யூனிட்டையும் பக்கத்திற் பக்கம் எழுதிப் பார்க்க வேண்டும். நூற்றுக்கு இரண்டு மூன்று வேறுபட்டால் கவலையில்லை. பத்து வேறுபட்டால் முதலில் ஐயுற வேண்டியது கவ்வியைத்தான். அது சரியென்று தேர்ந்தபின்னும் வேறுபாடு நின்றால், மானியைச் சோதித்துத் தருமாறு எழுதிக் கேட்க நுகர்வோருக்கு வழியுண்டு. என் வீட்டுக் கணக்கில் முதல் மாதம் 11 யூனிட் வேறுபாடு. கவ்வியின் வாய் சரியாக மூடாமல் இருந்தது.